நம் மலையை நம் பிள்ளைகளும் அளக்கட்டும்



மூன்று வருடத்துக்கு முன்பு என் மூத்த மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த செய்தி லயத்தில் பரவியபோது எங்கள் இஸ்தோப்பு நிறைந்துவிட்டது. பக்கத்துக் காம்பரா அக்கா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்: "புள்ள என்னா படிக்கப் போகுது? டீச்சருக்கா, டாக்டருக்கா?"

"புவியியல் தகவல் விஞ்ஞானம் மாமி" என்றாள் மகள்.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு பெரியவர், "படம் கீறுறதுக்கா புள்ள கெம்பஸ் போகணும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மகள் மட்டும் சிரிக்கவில்லை.

நான் கவ்வாத்து வெட்டுகிறவன். சாதாரணதரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு மலைக்குப் போனவன். எங்கள் தோட்டத்தில் சங்கத்தின் தலைவராகப் பதினொரு வருடமாக இருக்கிறேன். மகள் ஆசிரியையாக வந்தால் போதும் என்பதுதான் என் ஆசை. மாதச் சம்பளம், ஓய்வூதியம், ஊரில் மரியாதை. அதையெல்லாம் விட்டுவிட்டுப் படம் கீறப் போகிறாளே என்று அன்று இரவு மனைவியிடம் புலம்பினேன்.

இன்று அவள் மூன்றாம் வருடம் படிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நான்தான் அவளிடம் படிக்கிறேன். அப்படிப் படித்ததை வைத்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். என் கருத்து இதுதான்: மலையகப் பிள்ளைகள் இன்னும் அதிகமாகப் போக வேண்டிய படிப்புகளில் இது ஒன்று. பிள்ளைகளை அந்தப் படிப்புக்கு அனுப்புவது பெற்றோரின் வேலை. படித்து வந்தவர்களை நம் போராட்டத்துக்குப் பயன்படுத்துவது சங்கத்தின் வேலை.

இது என்ன படிப்பு?

மகள் எனக்கு விளங்கப்படுத்திய மாதிரியே சொல்கிறேன். நாலு எண்ணெய்த் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தோட்டத்து ரோட்டை மட்டும் கீறுங்கள். இன்னொன்றில் ஆற்றையும் கான்களையும் கீறுங்கள். மூன்றாவதில் லயங்கள். நாலாவதில் எந்த இடம் சமதரை, எந்த இடம் செங்குத்து என்று நிறம் தீட்டுங்கள். இப்போது நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். செங்குத்துச் சரிவுக்குக் கீழே, கானுக்குப் பக்கத்தில் இருக்கிற லயம் எது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இதைக் கணினியில் செய்வதுதான் இந்தப் படிப்பின் அடிப்படை. கணினியில் நாலு தாள் என்ன, நாலாயிரம் தாளையும் அடுக்கலாம். ஒவ்வொரு லயத்தின் மேலும் விபரங்களை ஒட்டி வைக்கலாம்: எத்தனை குடும்பம், எத்தனை மலசலகூடம், கூரை போட்டு எத்தனை வருடம், பீலிக்கு எவ்வளவு தூரம். பிறகு கேள்வி கேட்கலாம். "குடிதண்ணீருக்கு அரை மைலுக்கு மேல் நடக்கிற குடும்பங்கள் எங்கே இருக்கின்றன?" என்று கேட்டால் கணினி அந்த லயங்களை நிறம் காட்டும்.

1960களில் கனடா நாட்டில் ரொஜர் டொம்லின்சன் என்பவர்தான் இதைத் தொடங்கி வைத்தார். அந்த நாட்டு அரசுக்குத் தன்னுடைய நிலம் எங்கே எதற்குப் பயன்படுகிறது என்ற கணக்கு தேவைப்பட்டது. கையால் செய்து முடிக்க முடியாத வேலை அது. அதற்காகக் கணினியைப் பழக்கினார்கள். பிறகு 1992 இல் மைக்கல் குட்சைல்ட் என்ற பேராசிரியர், இது வெறும் கருவி இல்லை, இதற்குள் ஒரு விஞ்ஞானமே இருக்கிறது என்று எழுதினார். புவியியல் தகவல் விஞ்ஞானம் என்ற பெயர் அப்படி வந்தது. நில அளவையின் அடிப்படை, செய்மதிப் படங்களை வாசிப்பது, புள்ளிவிபரம், கணினி நிரல் எழுதுவது எல்லாம் இதில் வருகின்றன.

நிலத்தைக் கணக்கெடுப்பதற்காகவே பிறந்த படிப்பு இது. இருநூறு வருடமாக நிலத்தில் உழைத்தும் நிலமில்லாத நமக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு எது?

படம் வைத்திருந்தவன் கையில்தான் மலை

இந்த மலைநாட்டில் காடு தோட்டமாக மாறியதற்கு முதல் ஆயுதம் கோடரி என்று நினைத்திருந்தேன். மகள்தான் திருத்தினாள். கோடரிக்கு முன்னால் அளவைச் சங்கிலி வந்தது. வெள்ளைக்காரன் 1800 ஆம் ஆண்டிலேயே நில அளவைத் திணைக்களத்தைத் தொடங்கிவிட்டான். 1840 இல் ஒரு சட்டம் கொண்டுவந்தான். உறுதி காட்ட முடியாத காடும் பயிரிடாத நிலமும் முடிக்குச் சொந்தம் என்று அந்தச் சட்டம் வைத்துக்கொண்டது. கண்டிச் சீமையின் சிங்களக் கிராமவாசிகள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய நிலமும் அதில் போனது. அளந்து, படம் கீறி, எல்லை போட்டு, தோட்டக்காரர்களுக்கு விற்றார்கள். அந்தக் காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்டது நம் முன்னோர்.

1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992 இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் படங்களும் கணக்குகளும் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாறின. அந்தப் படங்களில் லயம் ஒரு கட்டடமாக இருந்தது. லயத்துக்குள் இருந்த குடும்பம் இல்லை.

இன்று நாம் கேட்கிற காணி உரிமையும் கடைசியில் ஒரு படத்தில்தான் போய் நிற்கிறது. 7 பேர்ச்சஸ் என்று பல வருடமாகப் பேசுகிறோம். ஒரு ஏக்கரில் 160 பேர்ச்சஸ். ரோடு, கான் எதற்கும் இடம் விடாமல் பிரித்தாலும் ஒரு ஏக்கரில் 22 வீட்டுக்கு மேல் வராது. ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 1,900 சதுர அடி. எந்த ஏக்கர் தரப்படுகிறது என்பதே கேள்வி. நல்ல தேயிலை நிற்கிற சமதரையா, தேயிலை செத்துப்போன கல்லுச் சரிவா? பேச்சுவார்த்தை மேசையில் மற்றப் பக்கத்தார் படத்தை விரித்து வைத்துப் பேசுகிறார்கள். நாம் வாயால் பேசுகிறோம். "அந்தப் பக்கம் வேறு காணி இருக்கிறதே" என்று நாம் சொன்னால், "எங்கே, காட்டுங்கள்" என்கிறார்கள். காட்டுவதற்கு நம்மிடம் தாள் இல்லை.

வீடு கட்டிக் குடியேறினாலும் கதை முடியவில்லை. நில அளவைப் படம் இல்லாமல் உறுதி இல்லை. உறுதி இல்லாமல் வங்கிக் கடன் இல்லை. 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ், பிம் சவிய திட்டத்தில், நாட்டின் காணிகளைத் துண்டு துண்டாக அளந்து பதிவு செய்து வருகிறார்கள். அந்த வேலையைத் தெரிந்த நம் பிள்ளை ஒருவர் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருந்தால், வீட்டை வாங்கிவிட்டு உறுதிக்காக வருடக்கணக்கில் அலைகிற நம் குடும்பங்களுக்கு வழி சொல்ல ஆள் இருக்கும்.

சரிவில் ஓர் ஏக்கர்

போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் ஒரு மலையில் புல்வெட்டு வேலையைக் கொந்தரப்பில் கொடுத்தார்கள். தோட்டக் கணக்கில் அந்த மலை நாலு ஏக்கர். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி ஆறு பேர் எடுத்தோம். வெட்டி முடிக்க நாங்கள் நினைத்ததைவிட நாள் கூடிப்போனது. "நீங்க மெதுவா வெட்டுறீங்க" என்று சொன்னார்கள். எங்களுக்கும் வயதாகிவிட்டதோ என்று நாங்களே சந்தேகப்பட்டோம்.

விடுமுறைக்கு வந்த மகளிடம் இதைச் சொன்னேன். அவள் மடிக்கணினியை எடுத்து அந்த மலையின் உயரக் கோடுகளைப் பார்த்தாள். மறுநாள் என்னோடு மலைக்கு வந்து நாலைந்து இடத்தில் சரிவை அளந்தாள். பிறகு சொன்னாள்: "அப்பா, படத்தில இருக்கிற ஏக்கர் மேலே இருந்து பார்க்கிற ஏக்கர். மலையைத் தட்டையாக்கிப் போட்டா வர்ற அளவு. நீங்க வெட்டுறது சரிவில. இந்த மலை சராசரியா 30 பாகை சரிவு. படத்தில ஒரு ஏக்கர்னா நிலத்தில 1.15 ஏக்கர். நாலு ஏக்கர்னு சொல்லி உங்களை நாலரைக்கும் மேல வெட்ட வச்சிருக்காங்க."

படத்தில் தவறு இல்லை. உலகம் முழுக்க நிலத்தை அப்படித்தான் அளக்கிறார்கள், உறுதி எழுதுவதற்கு அதுதான் சரி. கூலி கணக்குப் போடுகிற இடத்தில்தான் தவறு. படத்தின் ஏக்கருக்குப் பேசினோம், சரிவின் ஏக்கருக்கு வியர்வை சிந்தினோம். 35 பாகைச் சரிவில் அந்த வித்தியாசம் ஏக்கருக்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் போகும். என் அப்பா, தாத்தா காலத்திலிருந்து எத்தனை ஏக்கர் இப்படிக் கணக்கில் வராமல் போயிருக்கும்?

மாதக் கூட்டத்தில் இதை ஒரு தாளில் எழுதி, படத்தோடு வைத்தோம். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக எதிர்ப்பக்கத்தில் உடனே பதில் வரவில்லை. சரிவான மலைகளில் கொந்தரப்பு பேசும்போது சேர்ந்து மலையைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். போன கூலி திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் "நீங்க மெதுவா வெட்டுறீங்க" என்ற பேச்சு அதோடு நின்றது.

உயிர் சம்பந்தப்பட்ட படம்

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை நாம் யாரும் மறக்கவில்லை. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது. போவதற்கு மாற்றுக் காணி இருக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது மலைநாடு மறுபடியும் அந்தத் துயரத்தைப் பார்த்தது.

மண்சரிவு அபாயப் படத்தை எப்படித் தயாரிக்கிறார்கள் என்று மகளிடம் கேட்டேன். ஆறு விடயங்களைப் பார்க்கிறார்களாம்: அடிப்பாறையும் அதன் வெடிப்புகளும், மேலே கிடக்கிற மண்ணின் வகையும் தடிப்பும், சரிவின் அளவு, தண்ணீர் ஓடுகிற வழி, நிலத்தை மனிதர் பயன்படுத்துகிற விதம், நிலத்தின் அமைப்பு. ஆறுக்கும் தனித்தனித் தாள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் புள்ளி போட்டு, எந்த இடம் பாதுகாப்பு, எந்த இடம் அபாயம் என்று பிரிக்கிறார்கள். நான் முதலில் சொன்ன எண்ணெய்த் தாள் கதைதான்.

இதில் ஐந்தாவது தாளைப் பாருங்கள்: நிலத்தைப் பயன்படுத்துகிற விதம். கான் வெட்டாமல் விட்ட மலை எது, தேயிலையைப் பிடுங்கிவிட்டு வெறுமையாய்க் கிடக்கிற மலை எது, லயத்துக்குப் பின்னால் மண்ணை வெட்டி எடுத்த இடம் எது, புதிதாக வெடித்த சுவர் எது என்பது முழுவதும் செய்மதிக்குத் தெரியாது. அந்த மலையில் தினம் ஏறி இறங்குகிறவர்களுக்குத் தெரியும். கொழுந்தெடுக்கிற பெண்களுக்கு எந்த இடத்தில் புதிதாக ஊற்று வந்திருக்கிறது என்பது அதிகாரிகளுக்கு முன்னால் தெரியும். அந்த அறிவைப் படத்தில் ஏற்றுவதற்கு, லயத்தில் பிறந்து, நம் பேச்சு விளங்கி, இந்தப் படிப்பும் படித்த பிள்ளை வேண்டும்.

இன்னொன்று. மண்சரிவு எச்சரிக்கை மழை அளவை வைத்து விடுக்கப்படுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் ஆயத்தமாக வேண்டும். 150 தாண்டினாலோ, ஒரு மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும். தோட்டங்களில் மழைமானி வைத்து மழை அளவைப் புத்தகத்தில் எழுதுவது பழைய வழக்கம். அந்த எண் தேயிலைக்குத் தெரியும், லயத்துக்குத் தெரியாது. அதைத் தினம் காலையில் பெரட்டுக்களத்தில் ஒரு பலகையில் எழுதிப் போட ஒரு சதமும் செலவில்லை. இந்தக் கோரிக்கையை ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த மாதமே வைக்கலாம்.

விலாசமும் எல்லையும்

மகளின் அனுமதிக் கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து, எத்தனையோ கைமாறி எங்களிடம் வந்தபோது பதிவுக்கு நாலு நாள்தான் இருந்தது. காரணம், எங்கள் காம்பராவுக்கு விலாசம் இல்லை. தோட்டத்தின் பெயர்தான் எல்லோருக்கும் விலாசம். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பிந்தி வேலையை இழந்த பிள்ளைகள் உங்கள் தோட்டத்திலும் இருப்பார்கள். 1990 அம்பியூலன்சைக் கூப்பிட்டால் "எந்த இடம்?" என்று கேட்கிறார்கள். "மேல் கணக்கு, ஆறாம் நம்பர் லயம்" என்றால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? பிரசவ வலியில் ஒரு பெண் துடிக்கும்போது விலாசம் என்பது சின்ன விடயமில்லை.

எல்லை போடுவதும் இந்தப் படிப்போடு சேர்ந்ததுதான். நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டு 2018 தேர்தலில் கொட்டகலை, அக்கரபத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்று தனிச் சபைகள் வந்தன. அதே 2018 இல் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவும் திருத்தப்பட்டு, சபைகள் தோட்டங்களுக்குள் வேலை செய்வதற்கு இருந்த தடை நீங்கியது. ஆனால் எந்த லயத்துக்கு ரோடு இல்லை, எந்த லயத்துக்குத் தண்ணீர் இல்லை என்ற கணக்கைச் சபையின் மேசையில் வைத்தால்தான் பணம் வரும். கிராம உத்தியோகத்தர் பிரிவுகளை நம் சனத்தொகைக்கு ஏற்றபடி பிரியுங்கள் என்று கேட்பதற்கும் அதே கணக்கு வேண்டும்.

எங்கே படிக்கலாம்?

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் தகவல் விஞ்ஞானம் தனிப் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் நில அளவை விஞ்ஞானப் பட்டப்படிப்பு இருக்கிறது. அது கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்கானது. தியத்தலாவையில் நில அளவைத் திணைக்களத்தின் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பதுளை மாவட்டத்திலேயே, நம் வாசலிலேயே இருக்கிற இடம் அது. புவியியலை ஒரு பாடமாக எடுத்துக் கலைப்பட்டம் படிக்கிற பிள்ளைகளும் இந்தப் பக்கம் வரலாம்.

ஆனால் நம் பிள்ளைகள் பலர் பல்கலைக்கழக விண்ணப்பத்தின் தெரிவு வரிசையில் இந்தத் துறைகளின் பெயரையே எழுதுவதில்லை. பாடசாலையில் சொல்ல ஆள் இல்லை, வீட்டில் நம்மைப் போன்றவர்கள் சிரிக்கிறோம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் கைநூல் வெளியிடுகிறது. எந்தப் பாடத்தில் என்ன பெறுபேறு வேண்டும் என்பது அதில் இருக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளுக்கு மாவட்ட அடிப்படையில் இடம் ஒதுக்குகிறார்கள். கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு அதற்கு மேலும் ஒரு பங்கு உண்டு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பட்டியலில் உள்ளன.

தடைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். முதல் தடை ஆங்கிலம். மகள் முதல் வருடம் அழுதாள். விரிவுரை விளங்கவில்லை, இரவில் அகராதியோடு உட்கார்ந்தாள். அதனால் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிற மாதங்களைப் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கும் கணினிக்கும் கொடுக்க வேண்டும். இரண்டாவது, மடிக்கணினி. மகாபொல புலமைப்பரிசில் சாப்பாட்டுக்கும் அறைக்கும் போய்விடும். மடிக்கணினிக்கு நாங்கள் சீட்டு எடுத்தோம், மனைவியின் தோடு அடகுக்குப் போனது. மென்பொருளுக்குச் செலவில்லை. கியூ.ஜி.ஐ.எஸ். என்ற மென்பொருள் 2002 இலிருந்து வளர்ந்து வருகிறது, உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள், யாரும் இலவசமாக எடுக்கலாம். ஓப்பன் ஸ்ட்ரீட் மெப் என்ற உலகப் படமும் அப்படித்தான். அதில் நம் தோட்டத்து ரோட்டையும் லயத்தையும் நம் பிள்ளைகளே பதியலாம்.

மூன்றாவது, வேலை. பட்டம் எடுத்த மறுநாளே அரசாங்க நியமனம் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆசிரிய நியமனத்தைப் போல நிச்சயம் இதில் இல்லை. ஆனால் நில அளவை, அனர்த்த முகாமைத்துவம், நீர்வழங்கல், மின்சாரம், நகர அபிவிருத்தி, உள்ளூராட்சி என்று படம் இல்லாமல் நடக்காத வேலைகள் பல. கம்பனிகளும் இப்போது ட்ரோன் வைத்து மலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டன. அந்தத் திரைக்கு முன்னால் உட்காருகிற ஆள் ஏன் நம் லயத்துப் பிள்ளையாக இருக்கக் கூடாது?

"படிச்சிட்டு கொழும்புக்குப் போயிருவாங்க, வெளிநாட்டுக்குப் போயிருவாங்க, நமக்கு என்னா லாபம்?" என்று ஒரு தோழர் கேட்டார். போவார்கள்தான். இங்கே அவர்களுக்கு நாம் ஒரு வேலையும் வைக்காவிட்டால் போகத்தான் செய்வார்கள்.

சங்கத்திடம் என் வேண்டுகோள்

"சங்கத்தின் வேலை சம்பளம் பேசுவது, படிப்பு விசயம் நமக்கு எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். கொந்தரப்பு ஏக்கர் சம்பளப் பிரச்சினைதான். லயத்துக்கு மேலே இருக்கிற சரிவு உயிர்ப் பிரச்சினை. 7 பேர்ச்சஸ் காணிப் பிரச்சினை. மூன்றுக்கும் படம் வேண்டும். படம் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. மீரியபெத்தையில் எச்சரிக்கை இருந்தும் சனம் நகரவில்லையே. நகர்வதற்குக் காணி கேட்டு நிற்கிற பலம் சங்கத்திடம்தான் இருக்கிறது. படிப்பும் சங்கமும் சேர்ந்தால்தான் படம் பேசும்.

ஆகவே நான்கு விடயங்களைக் கேட்கிறேன். ஒன்று, உயர்தரப் பெறுபேறு வந்தவுடன் ஒவ்வொரு மாவட்டக் காரியாலயத்திலும் ஒரு நாள் வைத்து, விண்ணப்பம் நிரப்பப் பிள்ளைகளுக்கு உதவ வேண்டும். இந்தத் துறையில் படிக்கிற நம் மாணவர்களை அன்று அழைத்துப் பேச வைக்க வேண்டும். இரண்டு, சந்தாப் பணத்தில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, மடிக்கணினி வாங்க வட்டியில்லாக் கடன் கொடுக்க வேண்டும். மூன்று, விடுமுறையில் வருகிற மாணவர்களைக் கொண்டு தோட்டம் தோட்டமாக லயம், பீலி, ரோடு, வெடிப்பு எல்லாவற்றையும் படத்தில் பதிய வேண்டும். பெண்களும் வயதானவர்களும் கூடவே நடந்து இடம் காட்ட வேண்டும். நான்கு, அடுத்த காணிப் பேச்சுவார்த்தைக்கு நம் தலைவர்கள் நம்முடைய படத்தோடு போக வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பெண்பிள்ளை மலை மலையாக ஏறி அளக்கப் போகிறாளா என்று தயங்காதீர்கள். கொழுந்துக்கூடையோடு அதே மலையில் ஏறியவர்கள்தான் அவளுடைய அம்மாவும் அம்மாச்சியும்.

போன வாரம் பணிய கணக்கிலிருந்து ஒரு பிள்ளை அப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். உயர்தரத்தில் புவியியலுக்கு நல்ல பெறுபேறு. மகளோடு போனில் பேச வேண்டும் என்றாள். அவளுடைய அப்பா என்னைத் தனியாக இஸ்தோப்புக்குக் கூப்பிட்டு, "அண்ணே, படம் கீறுறது ஒரு படிப்பாண்ணே?" என்று கேட்டார். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. அந்த நாலு ஏக்கர் மலையைக் கைகாட்டி, கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.